புதுப்பிப்பு: பழைய காரின் கதவுப் பூட்டுகள் சரியாகிவிட்டன

ரிமோட்டை அழுத்தினால் பின்பக்க இடது கதவு பூட்டுவதில்லை என்றும், ஓட்டுநர் கதவு பூட்டிய உடனே தானாகத் திறந்துகொள்கிறது என்றும் முன்பு எழுதியிருந்தேன். இரண்டும் இப்போது சரியாகிவிட்டன, காரணங்கள்தான் வெவ்வேறு.

பின்கதவின் பூட்டு மோட்டாரை மாற்றச் சொல்லிப் பலரும் அறிவுறுத்தியிருந்தீர்கள். உட்புறப் பலகையைக் கழற்றி மல்டிமீட்டரால் (மின்னழுத்தம் அளக்கும் கருவி) சோதித்தபோது, பூட்டுகையில் ஒரு திசையிலும் திறக்கையில் எதிர்த் திசையிலும் ஒரு கணம் வர வேண்டிய 12 வோல்ட் மோட்டாரை எட்டவே இல்லை. நேரடியாக மின்சாரம் கொடுத்ததும் மோட்டார் நன்றாகவே இயங்கியது. கதவுக்கும் அது மாட்டப்பட்டுள்ள காரின் தூணுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாய்க்குள், கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் மடங்கி மடங்கி ஒரு வயர் அறுந்திருந்தது. இணைப்பு மடியும் இடத்தில் அமையாதவாறு, புதிய வயரைச் சற்றுத் தளர்வாக விட்டு ஈயப்பற்று வைத்தேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மோட்டார் வாங்குமுன் இந்தக் குழாயைப் பார்த்துவிடுங்கள்.

ஓட்டுநர் கதவில் கிரீஸ் காய்ந்து இறுகியதால் பூட்டு முழுத் தூரம் நகரவில்லை. உள்ளிருக்கும் சுவிட்ச் அதைத் திறந்த நிலையாகவே தெரிவித்ததால் எல்லாக் கதவுகளின் பூட்டுகளும் மீண்டும் திறந்துகொண்டன. சுத்தம் செய்து வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவியதே போதுமானதாக இருந்தது.

பலகையை மாட்டுமுன், கதவு திறந்திருக்கும்போதே, கதவை மூடிய நிலையில் பிடித்துவைக்கும் பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடி, கைப்பிடியை இழுத்து விடுபடுகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். மூடிய கதவில் கொக்கி சிக்கிக்கொண்டால் பலகையைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.