மறு: ஃபிளாட் வால்யூம் – ‘தட்டை ஒலியளவு’ சரிதானா?

அனைவருக்கும் வணக்கம். லினக்ஸ் கணினிகளில் ஒலியைக் கையாளும் பல்ஸ்ஆடியோ மென்பொருளில் ‘ஃபிளாட் வால்யூம்’ என்றோர் அமைப்பு உண்டு. நம் உதவிப் பக்கத்தில் அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘தட்டை ஒலியளவு’ என்றே வைத்துவிடலாம். மூலச்சொல்லும் அதுதானே?

மூலச்சொல் அதுதான் ஐயா. ஆனால் இந்த உதவிப் பக்கத்தைத் தேடி வருபவரை நினைத்துப் பாருங்கள். உலாவியில் ஒரு காணொளியின் ஒலிப்பட்டையை மேலே தள்ளுகிறார், கணினி மொத்தமும் அலறுகிறது. பதறிக்கொண்டு வந்தவரிடம் ‘தட்டை’ என்றால் முறுக்குக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அவர் நினைவுக்கு வரும்.

பெயர் வைக்கும் முன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். பல்ஸ்ஆடியோவில் நிரலுக்கு ஒரு பட்டை, ஒலிபெருக்கிக்கு ஒரு பட்டை. சாதாரணமாக ஒன்றின் மேல் இன்னொன்று அமர்ந்திருக்கும். உலாவியை 50 விழுக்காட்டில் வைத்தால் சுமார் 18 டெசிபெல் குறையும். ஒலிபெருக்கியையும் 50-இல் வைத்தால் இன்னொரு 18. ஆக 36. “எல்லாம் பாதியில்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றும் கேட்கவில்லை” என்று வரும் புகார்களில் பல இந்தக் கணக்குதான்.

2009-இல் 0.9.15 பதிப்போடு வந்த ஃபிளாட் வால்யூம் இந்த அடுக்கை எடுத்துவிட்டது. அதில் நிரலின் பட்டை காட்டுவதே இறுதி அளவு. ஓடிக்கொண்டிருப்பவற்றில் எது உரக்க இருக்கிறதோ, அதன் அளவுக்கு ஒலிபெருக்கியின் பட்டையும் ஏறிவிடும். ஏதோ ஒரு நிரல் தனக்கு 100 வேண்டும் என்று கேட்டால் காதில் தலையணிபேசி மாட்டியிருப்பவர் கதி அவ்வளவுதான். உபுண்டு என்ற லினக்ஸ் வழங்கல் இதை அணைத்தே தந்ததற்குக் காரணம் கேட்கவும் வேண்டுமா? ஃபயர்ஃபாக்ஸ் உலாவியில் ஒலியைக் கவனிக்கும் க்யூபெப் நூலகம் இம்முறை இயங்குவதைக் கண்டால் பல்ஸ்ஆடியோவின் பட்டையைத் தொடாமல் தனக்குள்ளேயே ஒலியைக் கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. எல்லா நிரல்களும் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொள்வதில்லை.

ஆகவே ‘ஃபிளாட்’ இங்கே வடிவத்தைச் சொல்லவில்லை, அடுக்கு இல்லை என்பதைச் சொல்கிறது. என் பரிந்துரை: ஓரடுக்கு ஒலியளவு. அணைத்திருக்கும் நிலைக்கு ஈரடுக்கு ஒலியளவு. ஒன்றைச் சொன்னால் மற்றது தானாகப் புரியும். தட்டைக்கு அப்படி ஓர் இணை கிடைக்காது.

> ‘பிணை ஒலியளவு’ இன்னும் சுருக்கம்.

சுருக்கம்தான். ஆனால் எனக்கு நீதிமன்ற வாசனை அடிக்கிறது. ‘பிணையை நீக்கு’ என்று பொத்தானில் எழுதிப் பாருங்கள்.

> பைப்வயர் வந்துவிட்டதே, இந்தச் சொல்லே இனி எதற்கு?

நியாயமான கேள்வி. ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கலில் 34-ஆம் பதிப்பிலேயே, 2021-இல், பல்ஸ்ஆடியோவை விட்டுப் பைப்வயருக்கு மாறிவிட்டார்கள். பைப்வயரில் ஓரடுக்கு முறையும் கிடையாது. ஆனால் பழைய கணினிகளில் பல்ஸ்ஆடியோவின் டீமன்.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பு இன்னும் இருக்கிறது. அதில் ஃபிளாட் வால்யூமுக்கான வரியை ‘நோ’ என்று மாற்றச் சொல்ல நமக்கு ஒரு பெயர் வேண்டுமே. கோப்பில் உள்ள வரியை மொழிபெயர்க்கக் கூடாது, விளக்கத்தை மட்டும்தான். இது புதிதாக வந்தவர்களுக்காக.

பக்கத்துக்கான வரிகளை இப்படி எழுதியிருக்கிறேன்:

“உலாவியில் ஒலி மட்டும் குறைவா? காணொளி ஓடிக்கொண்டிருக்கும்போதே பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து, முதல் பகுதியில் உலாவியின் பட்டையைப் பாருங்கள். ஒலி ஓடாதபோது அந்தப் பட்டை அங்கே தெரியாது. அங்கே உலாவியின் பட்டையை ஏற்றும்போது, நீங்கள் தொடாமலே ஒலிபெருக்கியின் பட்டையும் ஏறினால், உங்கள் கணினியில் ஓரடுக்கு ஒலியளவு இயங்குகிறது.”

வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எனக்கு இடறவில்லை.

இன்னொன்று. ‘மியூட்’டுக்கு இப்போது நம் மொழிபெயர்ப்புப் பொதியில் ‘முடக்கு’ இருக்கிறது. ‘டிசேபிள்’ என்பதற்கும் அதே சொல்தான். ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கருவியில், ஒலி அடங்கியிருப்பதற்கு அடையாளமாக இரண்டு ‘எம்’ தெரிந்தால் எம் விசையை அழுத்தச் சொல்லும் வரியில், “முடக்கப்பட்டிருக்கிறது” என்று எழுதினால் ஒலி அட்டையே செத்துவிட்டதாக நினைப்பார்கள். ‘ஒலியடக்கு’ என்று மாற்றலாமா? உலாவியின் கீற்றுக்கும் (டேப்) அது பொருந்தும்: “இந்தக் கீற்றை ஒலியடக்கு.” இதில் எனக்கு முழு நிறைவில்லை, நல்லது இருந்தால் சொல்லுங்கள்.

ஓரடுக்குக்கு ஞாயிறு இரவுக்குள் மறுப்பு வராவிட்டால் பொதியில் ஏற்றிவிடுகிறேன்.