ஞாயிறு டெஸ்ட் நேரத்தில் மூடுல் ஹேங் ஆகுது: சர்வரை சென்டரிலேயே வைக்கலாமா, விபிஎஸ் (இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்) எடுக்கணுமா?

தண்டையார்பேட்டை டீச்சர்:
வணக்கம். ஒன்பதாவதிலிருந்து பிளஸ் 2 வரை 220 பிள்ளைகள் படிக்கிற டியூஷன் சென்டர். ஆன்லைனில் பாடம், டெஸ்ட் நடத்துற மென்பொருள் மூடுல் 4.5, உபுண்டு, எஞ்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்). எஸ்எஸ்டி போட்ட பழைய ஐ5 டெஸ்க்டாப், 8 ஜிபி ரேம், தரைத்தளத்தில் இருக்கு. பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டும் இணைய முகவரி) கிடைக்காததால், அது இல்லாமலே வெளியிலிருந்து இணைக்கிற கிளவுட்ஃப்ளேர் டனல் வழியாகத்தான் பிள்ளைகள் வீட்டிலிருந்து வர்றாங்க.

வாரநாளில் ஒரு தொந்தரவும் இல்லை. ஞாயிறு காலை 9 மணிக்கு டெஸ்ட் திறந்ததும் பாதிப் பேருக்கு 504 (நேரத்துக்குள் பதில் வரலை என்ற பிழை) வருது. அப்போ பார்த்தால் சிபியு சும்மாதான் இருக்கு. நேரம் முடிந்த பிறகும் சிலருடைய டெஸ்ட் சமர்ப்பிக்கப்படாமலே நிற்குது. விடைத்தாள் போட்டோ ஏற்றினால் 413 (ஃபைல் பெரிசு என்ற பிழை). புதுசாகச் சேர்த்த பிள்ளைகளின் தமிழ்ப் பெயர் எல்லாம் கேள்விக்குறியாக இருக்கு. ரேம் கூட்டினால் போதுமா? மழைக்காலத்துக்கு முன்னால் முடிவெடுக்கணும்.

எண்ணூர் லினக்ஸ்:
மேடம், ரேம் வாங்காதீங்க. சிபியு சும்மா இருக்கும்போது 504 வருதுன்னா வேலை சர்வருக்கு உள்ளேயே போகலை, வாசலில் நிற்குது. உபுண்டுவில் பிஎச்பி-எஃப்பிஎம் (மூடுல் பக்கங்களைத் தயாரிக்கிற நிரல்) நிறுவியதும் 'பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன்' 5 என்றுதான் இருக்கும். அதாவது ஒரே நேரத்தில் ஐந்து பேருக்குத்தான் பக்கம் தயாராகும், மற்றவர்கள் வரிசையில். எஃப்பிஎம் லாகைத் திறந்து பாருங்க, அந்த வரம்பை எட்டிவிட்டதாக ஞாயிறு 9 மணிக்கு எச்சரிக்கை வரி இருக்கும்.

கணக்கு இப்படி: மரியாடிபி, ஓஎஸ், ஃபைல் கேஷ் எல்லாத்துக்கும் 3.5 ஜிபி ஒதுக்குங்க. மீதி 4.5 ஜிபி. பக்கம் தயாரிக்கிற வொர்க்கர் ஒன்றுக்கு 80 எம்பி என்று வைத்தால் அந்த மேக்ஸ்_சில்ட்ரனை 50 வைக்கலாம், 4 ஜிபி ஆகும். தாராளமா இருக்கட்டும்னு 200 போட்டுடாதீங்க. ரேம் தீர்ந்து ஸ்வாப்புக்கு (ரேமுக்குப் பதில் டிஸ்க்குக்கு) போனால் இப்போதைவிட மோசமாகும். மரியாடிபியில் 'இன்னோடிபி பஃபர் பூல்' (டேட்டாபேஸ் தகவலை ரேமில் வைக்கிற இடம்) 128 எம்பியில் இருந்தால் 1 ஜிபி ஆக்குங்க.

டெஸ்ட் அமைப்பையும் மாத்தணும். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்றால் 40 கேள்விக்கு ஒவ்வொரு பிள்ளையும் 40 தடவை சர்வரைத் தட்டும். பக்கத்துக்கு 5 கேள்வி வைங்க. வகுப்புவாரியாக குரூப் போட்டு, குரூப் ஓவர்ரைடில் (குரூப்புக்குத் தனி நேரம் வைக்கிற வசதி) 9.00, 9.05, 9.10 என்று திறக்கும் நேரத்தைப் பிரிச்சுடுங்க. நெரிசல் முதல் இரண்டு நிமிடத்தில்தான்.

சமர்ப்பிக்கப்படாமல் நிற்பதுக்குக் காரணம் கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) சரியாக ஓடாதது. நேரம் முடிந்த டெஸ்ட்டைத் தானாகச் சமர்ப்பிக்கிற வேலையை கிரான்தான் செய்யுது. நிமிடத்துக்கு ஒருமுறை ஓடணும், அதுவும் வெப் சர்வர் ஓடுகிற 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பயனராக. ரூட் பயனரில் ஓடவிட்டால் மூடுல்டேட்டாவுக்குள் (ஏற்றிய ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டர்) ரூட் பெயரில் ஃபைல்கள் உருவாகி, பிறகு பர்மிஷன் பிழையாக வெளியே வரும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் முழு மூடுல்டேட்டாவின் ஓனரையும் திருப்பி மாற்றணும்.

வியாசர்பாடி நெட்வொர்க்:
413 எஞ்ஜின்எக்ஸ் தருவது. அதில் 'கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ்' சொல்லாமல் விட்டால் 1 எம்பிதான். அதை மட்டும் ஏற்றினால் அடுத்த கதவில் முட்டும்: பிஎச்பியில் ஒரு ஃபைலுக்கு 2 எம்பி, மொத்த போஸ்டுக்கு (ஒரு தடவை அனுப்புவது எல்லாம் சேர்த்து) 8 எம்பி. எஞ்ஜின்எக்ஸில் 60, பிஎச்பியில் ஃபைலுக்கு 50, போஸ்டுக்கு 55 வைங்க. திருத்த வேண்டியது எஃப்பிஎம் ஃபோல்டரில் உள்ள பிஎச்பி.ஐஎன்ஐ, சிஎல்ஐ (கட்டளை வரிக்கான) ஃபோல்டரில் உள்ளதை மாற்றினால் தளத்தில் ஒன்றும் நடக்காது. எஃப்பிஎம்மை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, மூடுலில் தளம், கோர்ஸ், அசைன்மென்ட் மூன்றிலும் வரம்பைப் பாருங்க. டனலின் இலவசத் திட்டத்தில் ஒரு கோரிக்கைக்கு 100 எம்பிக்கு மேல் போகாது.

பிள்ளைகளை ஸ்கேனர் ஆப்பில் பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்க. ஆளுக்கு 5 எம்பி என்றாலே 220 பேருக்கு வாரம் 1.1 ஜிபி.

கேள்விக்குறிகள் எக்ஸெல் செய்த வேலை. சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் அந்த ஃபைலிலேயே அழிஞ்சுடும், மூடுலில் எதை மாற்றியும் திரும்பாது. 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று சேமித்து, நோட்பேடில் ஒருதரம் திறந்து பார்த்து, 'இருக்கும் பயனர்களை மட்டும் புதுப்பி' என்ற வகையில் மறுபடி ஏற்றுங்க. யூசர்நேம் ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே இருக்கட்டும். பழைய வினாத்தாள்கள் யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்தால், என்எச்எம் கன்வெர்ட்டரில் யுனிகோடாக்கிய பிறகுதான் கேள்வி வங்கிக்குள் போகணும்.

திருவொற்றியூர் அட்மின்:
மேலே சொன்னதைச் செய்தால் இந்த மெஷினே 220 பேரைத் தாங்கும். ஆனாலும் டெஸ்ட் நடக்கிற சர்வரை விபிஎஸ்ஸுக்கு மாற்றுங்க என்பேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, தண்ணீரும் வடியலை. யுபிஎஸ் கொடுப்பது ஒழுங்காக ஷட்டவுன் செய்ய வேண்டிய சில நிமிடங்கள் மட்டுமே. கடலோரத்து உப்புக்காற்று ரேம் முனைகளையும் ஃபேனையும் மெதுவாக அரிப்பது தனிக்கதை.

மும்பை மாதிரி பக்கத்து டேட்டா சென்டரில் 4 கோர், 8 ஜிபி போதும். டொமைன் பெயரை மாற்றாதீங்க. மெயின்டனன்ஸ் மோடு போட்டு, டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்), மூடுல்டேட்டா, மூடுல் கோடு மூன்றையும் நகர்த்தி, டனலை புது இடத்தில் ஓடவிட்டால் பிள்ளைகளுக்கு எந்த மாற்றமும் தெரியாது.

பழைய டெஸ்க்டாப்பை மாடிக்கு ஏற்றி பேக்கப்புக்கு வைங்க. ராத்திரி முதலில் டேட்டாபேஸ் டம்ப் ('சிங்கிள்-டிரான்சாக்‌ஷன்' சேர்த்து), அது முடிந்த பிறகு ஆர்சிங்க்கில் (ஃபைல்களை நகலெடுக்கிற கருவி) மூடுல்டேட்டா. வரிசை முக்கியம்: டம்ப்பில் பதிவான ஃபைல் பிறகு எடுக்கும் காப்பியில் கண்டிப்பாக இருக்கும், தலைகீழாகச் செய்தால் சில விடைத்தாள் காணாமல் போகலாம். கேஷ், லோக்கல்கேஷ், டெம்ப் ஃபோல்டர்கள் தேவையில்லை. மாதம் ஒருமுறை அதே டெஸ்க்டாப்பில் ரீஸ்டோர் செய்து, ஒரு பிள்ளையின் விடைத்தாளைத் திறந்து பாருங்க. கிரான் ஓடும் முன் கான்ஃபிக்கில் 'நோஈமெயில்எவர்' (மெயிலே அனுப்பாதே என்ற அமைப்பு) போட மறக்காதீங்க, இல்லாவிட்டால் பெற்றோருக்கு நினைவூட்டல் மெயில் இரண்டிரண்டாகப் போகும்.

வெர்ஷனை இப்போது தொடாதீங்க. 4.5 நீண்டகால ஆதரவு வெர்ஷன், பாதுகாப்புத் திருத்தம் 2027 அக்டோபர் வரை வரும். 4.5க்குள் வரும் சின்ன அப்டேட்களை மட்டும் போடுங்க. பெரிய மாற்றம் பொதுத்தேர்வு முடிந்து மே மாதத்தில்.

தண்டையார்பேட்டை டீச்சர்:
லாகில் அந்த எச்சரிக்கை வரிசையாக இருக்கு, நன்றி. விபிஎஸ்ஸே எடுத்துடறோம். இன்னொன்று: மூடுல் சான்றிதழில் 'கெ', 'கே' எல்லாம் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்குதே?

எண்ணூர் லினக்ஸ்:
பிடிஎஃப் உருவாக்க மூடுல் பயன்படுத்தும் டிசிபிடிஎஃப்புக்குத் தமிழ் எழுத்தை வரிசைமாற்றி அடுக்கத் தெரியாது. எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. மாறாத வாசகங்களைப் பின்னணிப் படமாக வைங்க. பிள்ளையின் பெயரும் தமிழில் வேணும்னா, பட்டியலை மூடுலிலிருந்து எடுத்து லிப்ரேஆபிஸ் மெயில் மெர்ஜில் அச்சடிங்க, அதில் சரியாக வரும்.