ஈசூனில் கைக்குழந்தைப் பராமரிப்பும் பகுதிநேர வேலையும்: வழிகாட்ட வேண்டுகிறேன்

அன்புள்ள அக்காமாருக்கும் தோழிகளுக்கும் வணக்கம். எனக்கு வயது 24. சிங்கப்பூரின் ஈசூனில் ஈரறை வாடகை வீட்டில், விநியோக ஓட்டுநராக வேலை செய்யும் கணவருடனும் எட்டு மாத மகளுடனும் வசிக்கிறேன். அவருடைய சம்பளத்தில் வாடகையும் மின்கட்டணமும் போனபின் மிஞ்சுவதில் பெரும்பகுதி பால்மாவுக்கும் அணையாடைக்கும் சென்றுவிடுகிறது. அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டுகளை அரிசி, எண்ணெய்க்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். காய்கறியைத் தேக்கா சந்தையில் மொத்தமாக வாங்குகிறேன். மகளுக்குக் கேழ்வரகுக் கூழை வீட்டிலேயே காய்ச்சுகிறேன். அதை அவள் விரும்பிச் சாப்பிடுவது எனக்குப் பெரிய ஆறுதல்.

தாய் மாதம் குறைந்தது 56 மணி நேரம் வேலை செய்தால், சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற கைக்குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 600 வெள்ளி வரை அடிப்படை மானியம் கிடைக்கும் என்பதால், பகுதிநேர வேலை தேடி வருகிறேன். ஆனால் வேலைக்குச் செல்லக் குழந்தையை விட இடம் வேண்டும்; அருகிலுள்ள ஒரு பராமரிப்பு நிலையத்திலோ காத்திருப்போர் பட்டியல் நீளமாக உள்ளது. அம்மா தஞ்சாவூரில் இருப்பதால் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை.

வேலை தேடும் காலத்திலேயே குழந்தையைச் சேர்த்து மானியம் பெற்றவர்கள் இருந்தால், எந்த ஆவணங்களைக் கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். சமூகச் சேவை அலுவலகத்தில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான காம்கேர் உதவிக்கு விண்ணப்பித்தவர்களின் அனுபவமும் எனக்கு மிகவும் தேவை. ஈசூன், செம்பவாங் வட்டாரத்தில் காலைநேர வேலை பற்றித் தெரிந்தாலும், பயன்படுத்திய தள்ளுவண்டியைக் குறைந்த விலையில் கொடுக்க முடிந்தாலும் தயவுசெய்து தெரிவியுங்கள். நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.