ஒரே கிருமி, ஒருவருக்கு மருந்து கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்கவில்லை. ஏன்?

கேள்வி:
அப்பா ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்தபோது சளி கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பாக்டீரியா வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் அதே பெயர்தான், ஆனால் அவருக்கு மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் கேட்டது, அப்பாவின் ரிப்போர்ட்டில் மெரோபெனத்துக்கு நேரே ‘ரெசிஸ்டன்ட்’ (மருந்துக்கு அடங்காதது) என்று இருந்தது. அப்பா இப்போது வீட்டில் நன்றாக இருக்கிறார், ஆனாலும் இது மனதை விட்டுப் போகவில்லை. ஒரே கிருமி எப்படி இரண்டு விதமாக நடக்கும்?

பதில் 1:
நுண்ணுயிரியல் லேபில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டில் நாங்கள் போடுவது இனத்தின் பெயர் மட்டும்தான். ஒரே இனத்துக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பது வெளியே பலருக்கும் தெரியாது. 2002-இல் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் மூன்று வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டபோது, மொத்தப் புரதங்களில் ஏறக்குறைய 39 சதவீதம்தான் மூன்றுக்கும் பொதுவாக இருந்தது. கிளெப்சியெல்லாவும் அப்படித்தான். கேபிசி, என்டிஎம் போன்ற மரபணு உள்ள வகை மெரோபெனத்தைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும், இல்லாத வகை பெரும்பாலும் மருந்துக்கு அடங்கிவிடும். வகைகளைப் பிரித்தறிய ஏழு மரபணுக்களைப் படித்து, ஒவ்வொரு வகைக்கும் எஸ்டி (சீக்வென்ஸ் டைப்) எண் கொடுப்பார்கள்; கேபிசியைச் சுமந்துகொண்டு பல நாடுகளுக்குப் பரவிய எஸ்டி258 அப்படி அடையாளம் கண்ட ஒன்று.

கேட்டவர்:
நன்றி சார். அப்படியென்றால் இரண்டும் வேறு வகை, பக்கத்துப் படுக்கைக்கும் அப்பாவுக்கும் தொடர்பே இல்லை, சரிதானே?

பதில் 2:
அவசரப்பட்டு அப்படி முடிவு செய்யாதீர்கள். நான் தொற்றுத் தடுப்புப் பிரிவில் செவிலியர். மருந்தை எதிர்க்க வைக்கும் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்கிற சின்ன டிஎன்ஏ வளையத்தில் இருக்கும், அதை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு நகலெடுத்துக் கொடுத்துவிடும், கிளெப்சியெல்லாவிலிருந்து ஈ.கோலைக்குக்கூட. அதனால் வகை வேறு என்றாலும் எதிர்ப்பு மட்டும் கைமாறியிருக்கலாம். தொடர்பு உண்டு, இல்லை என்று இரண்டையுமே இந்த ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது, முழு மரபணுத்தொகுப்பையும் படித்தால்தான் ஓரளவு தெரியும்.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனையில் 2011-இல் நடந்ததை எங்கள் பயிற்சிகளில் நான் எப்போதும் சொல்வேன். கேபிசி கிளெப்சியெல்லா இருந்த ஒரு நோயாளி வீடு திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்தவருக்கு வந்தது. இடையில் யாருக்கும் ஒன்றும் இல்லாததுபோல இருந்ததால் தொடர்பு புரியவில்லை, மரபணுத்தொகுப்பைப் படித்த பிறகுதான் எல்லாம் அந்த முதல் நோயாளியிடமிருந்து கிளம்பியது என்று தெரிந்தது. மொத்தம் 18 பேர், 11 பேர் இறந்தார்கள், அதில் 6 மரணங்களுக்கு இந்தத் தொற்றே காரணம். நடுவில் சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல் குடலில் அதைச் சுமந்திருந்தார்கள்.

உங்கள் அப்பாவும் அப்படிச் சுமந்துகொண்டிருக்கலாம், பல மாதங்கள்கூட. வீட்டில் பயப்பட வேண்டாம், சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். ஆனால் அந்த கல்ச்சர் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மறுபடி எங்கே அட்மிட் ஆனாலும் முதல் நாளே காட்டுங்கள், தனி அறை கொடுப்பதா, ஸ்வாப் எடுப்பதா, எந்த மருந்தில் தொடங்குவது என்று அவர்கள் முடிவு செய்ய அது வேண்டும்.

கேட்டவர்:
ஃபைலில் தேடி எடுத்துவிட்டேன் மேடம். இன்றைக்கே ஒரு நகல் எடுத்து அப்பாவின் மருந்துச் சீட்டோடு வைக்கிறேன்.