மறுமொழி: பெலுகாக்களுக்குச் 'சரணாலயம்' சரியா?

> நான் தமிழாக்கும் திமிங்கிலக் கட்டுரை முழுக்க 'சீ சாங்க்சுவரி' வருகிறது. 'கடல் சரணாலயம்' என்று போட்டுவிடவா?

ஐயா, வேண்டாம். திருவொற்றியூர்க்காரர்களான எங்களுக்குச் சரணாலயம் என்றால் பழவேற்காடு. பனிக்காலத்தில் பூநாரை வரும், வெயில் ஏறினால் கிளம்பிவிடும். அதை யாரும் பிடித்து வைப்பதில்லை.

கட்டுரையில் வரும் இடம் வேறு மாதிரி. ஷாங்காய் காட்சியகத்தில் வித்தை காட்டிக்கொண்டிருந்த லிட்டில் கிரே, லிட்டில் ஒயிட் என்ற இரண்டு பெண் பெலுகாத் திமிங்கிலங்களை 2019 ஜூனில் ஐஸ்லாந்தின் ஹெய்மேய் தீவுக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அங்கே கிளெட்ஸ்விக் விரிகுடாவை வலைபோட்டு அடைத்திருக்கிறார்கள். சுமார் 32,000 சதுர மீட்டர். காட்சிக்குளத்தோடு பார்த்தால் சொர்க்கம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் தீனி போட ஆள் உண்டு, நினைத்தபோது வெளியே போக வழி கிடையாது.

இன்னொன்றையும் பாருங்கள். ரஷ்யாவில் நகோத்கா பக்கம் 2018-இல் 87 பெலுகாக்களையும் 11 ஓர்காத் திமிங்கிலங்களையும் விற்பதற்காக அடைத்து வைத்தார்கள். பத்திரிகைகள் 'திமிங்கிலச் சிறை' என்று எழுதின. அதுவும் கடலில் வலைகட்டிய அடைப்புதான். அமைப்பு ஒன்று, நோக்கம் நேர் எதிர். ஒரே சொல்லால் இரண்டையும் சமாளிக்க முடியாது.

அமைப்புக்கு 'கடற்பட்டி' என்று வைக்கலாம். பாக் நீரிணைப் பக்கம் கம்பு நட்டுக் கட்டும் வலைக்குப் பட்டி வலை என்றே பெயர். 'வலைக்கூண்டு' வேண்டாம், கொடுவா மீன் வளர்ப்பவர்கள் 'கூண்டை' எடுத்துக்கொண்டாயிற்று. காட்சியிலிருந்து ஓய்வு பெற்றவற்றை விடும் இடம் என்றால் 'புகற்பட்டி'.

— திருவொற்றியூரிலிருந்து

> அமைப்புக்கு 'கடற்பட்டி' என்று வைக்கலாம்.

தம்பி, மலையாளி படித்தால் சிரிப்பான், அவனுக்குப் பட்டி என்றால் நாய்! அது போகட்டும். நம் ஊரிலேயே பட்டி என்றால், தெருவில் திரிகிற மாட்டைப் பிடித்துப்போய் அடைக்கிற இடம். அபராதம் கட்டினால்தான் மாடு திரும்பும். நகோத்காவுக்கு அது கச்சிதம். ஹெய்மேய்க்குக் கொஞ்சம் கடுமையாக இல்லையா? 'கடல் புகலிடம்' போதாதா?

— ராயபுரத்திலிருந்து

கடுமையாகத்தான் இருக்கிறது அண்ணே, அதனால்தான் பிடித்தது. 'புகலிடம்' என்று மட்டும் எழுதினால் வலை இருப்பதே வாசகருக்குத் தெரியாது. சின்ன வயதிலேயே பிடிபட்டு மனிதக் கையில் வளர்ந்தவற்றைத் திறந்த கடலில் விட்டால் இரை தேடிப் பிழைக்குமா என்ற பயம் இருக்கிறது. வலைக்குக் காரணம் அதுதான். 'புகல்' அந்தப் பரிவைச் சொல்லும், 'பட்டி' அடைப்பைச் சொல்லும்.

இந்தச் சொல்லுக்கு இனி வேலையும் அதிகம். கனடா 2019-இல் திமிங்கிலங்களைப் புதிதாகக் காட்சிக்கு வைப்பதைத் தடைசெய்தது. நயாகரா மரைன்லாண்டின் 30 பெலுகாக்களைச் சீனாவுக்கு அனுப்ப 2025 அக்டோபரில் அனுமதியும் மறுத்தது. அவை எங்கே போகும் என்று நம் நாளிதழ்கள் எழுதும்போது மறுபடி 'சரணாலயம்' என்று போட்டுவிடுவார்கள்.

பெலுகாவைப் பெலுகா என்றே விடலாம். 'வெண்திமிங்கிலம்' என்றால், கன்று சாம்பல் நிறத்தில் பிறக்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகள் மடக்குவார்கள்.

நம் கலைச்சொல் பட்டியலில் அவசரமாகத் திருத்த வேண்டியது வேறு. பெலுகாவின் ஒலியைக் குவிக்கும் நெற்றிக் கொழுப்பு மேட்டுக்கு ஆங்கிலத்தில் 'மெலன்' என்று பெயர்; அதை அப்படியே பெயர்த்து யாரோ 'முலாம்பழம்' என்று போட்டிருக்கிறார். முதலில் அதை எடுங்கள்.

— திருவொற்றியூரிலிருந்து