புதுப்பிப்பு: போபா ஃபெட் ஹெல்மெட்டுக்குப் பச்சை கிடைத்துவிட்டது

1980-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' வரிசைப் படமான 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்'-இல் வரும் கூலி வேட்டைக்காரன் போபா ஃபெட்டின் ஹெல்மெட்டைச் செய்கிறேன், எந்தப் பச்சை அடிப்பது என்று போன மாதம் கேட்டிருந்தேன். அசல் ஹெல்மெட்டுக்குப் பயன்பட்டது ஃப்ளோக்வில் என்ற ரயில் மாடல் பெயிண்ட். அதன் உற்பத்தி 2013-இல் நின்றுவிட்டது.

அதனால் மதுரை மாசி வீதிப் பக்கம் ஒரு கடையில், செல்போனில் இருந்த படத்தைக் காட்டி மெஷினில் கலந்து வாங்கினேன். கிளிப்பச்சை! அப்புறம் விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன்.

"டியூப்லைட்ல கலர் பாக்காதீங்க தம்பி, வாசலுக்குக் கொண்டாங்க" என்றார். வெயிலில் பிடித்தால் நீலம் தூக்கலாக இருந்தது. கறுப்பு சேர்க்கவா என்று கேட்டேன். கறுப்பு விட்டால் பச்சை செத்துப்போகும் என்று சொல்லி, குச்சி முனையில் துளி காவியும் கொஞ்சம் மஞ்சளும் விட்டுக் கலக்கினார். அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்தோம். நான்காவது தடவலில் அந்த மங்கிய ராணுவப் பச்சை வந்தே விட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹெல்மெட்டில் பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிவதுபோல் காட்ட, போன மாதம் நீங்கள் சொன்ன டூத்பேஸ்ட் வழிதான். முதலில் சில்வர், காய்ந்ததும் பேஸ்ட் பொட்டுகள், மேலே பச்சை. கழுவினால் பேஸ்ட்டோடு அதன் மேலிருந்த பச்சையும் போய், சில்வர் பளிச்சென்று தெரிகிறது.

போபா ஃபெட்டின் கைக்கவசம் பச்சையா சிவப்பா என்று கேட்டவருக்கு: 1980 படத்தில் பச்சை, அடுத்து வந்த 1983 படத்தில்தான் ('ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை') அடர்சிவப்பு. நான் செய்வது பச்சை. நாளை அந்தக் கைக்கவசத்துக்கு ப்ரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடிக்கிறேன்.