நெயில் பாலிஷ் வகைகளுக்குக் கலைச்சொல்: உலர்வதும் இறுகுவதும்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நெயில் பாலிஷுக்கு 'நகச்சாயம்' என்ற கலைச்சொல்லை முன்மொழிந்த ஐயாவுக்கு என் மறுப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாயம் ஊறிப் பிடிப்பது. மருதாணியிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு சேர்ந்துகொள்கிறது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் முழுதும் போகும். பாட்டிலில் வருவது நகத்தின்மேல் படியும் ஏடு, சுரண்டினால் உரிந்து வரும். நகச்சாயத்தை மருதாணிக்கே விட்டுவிடுவோம். இதற்கு நகப்பூச்சு போதும். நாகர்கோவில் பக்கம் எந்த பிராண்டானாலும் 'கியூட்டெக்ஸ்' என்று கேட்கிறோமே, பேச்சில் அது இருந்துவிட்டுப் போகட்டும்.

சிக்கல் வகைகளில்தான். விளக்கொளியில் கெட்டியாகும் ஜெல் பாலிஷுக்குக் 'கூழ்மப் பூச்சு' என்ற பரிந்துரை பாட்டிலில் இருக்கும் நிலையைச் சொல்கிறது. நகத்தில் எப்படிக் கெட்டியாகிறது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும்.

சாதாரணப் பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் இருக்கிறது. பஞ்சின் செல்லுலோஸை நைட்ரிக் அமிலத்தால் மாற்றிச் செய்வது. அது எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கும். ஏடு விண்டுபோகாமல் வளைந்துகொடுக்க நெகிழ்விப்பான் சேர்ப்பார்கள். கற்பூரமும் அதற்கு உதவும். நிறமி அடியில் தங்காமலிருக்க ஒருவகைக் களிமண். கரைப்பான் ஆவியாகிவிட்டால் ஏடு மிஞ்சும், அவ்வளவுதான். அசிட்டோன் நனைத்த பஞ்சால் அதை மறுபடி கரைத்துத் துடைக்க முடிவதும் அதனால்தான். இதற்கு உலர்பூச்சு.

ஜெல் காற்றில் எத்தனை நேரம் வைத்தாலும் உலராது. அதிலிருப்பவை அக்ரிலேட், மெத்தாக்ரிலேட் மூலக்கூறுகளும் ஓர் ஒளித்தூண்டியும். விளக்கிலிருந்து 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான ஒளி பட்டதும் தூண்டி உடைந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. என் முன்மொழிவு ஒளியிறுகு பூச்சு. நகத்தின்மேல் செயற்கையாகக் கட்டும் அக்ரிலிக் நகத்துக்கு விளக்கு வேண்டாம். எத்தில் மெத்தாக்ரிலேட் நீர்மத்தைத் தூளோடு கலக்க, தூளிலுள்ள பென்சாயில் பெராக்சைடு வினையைத் தொடங்கிவைக்கும். அது கலந்திறுகு நகம்.

ஜெல்லுக்கு 'உறைபூச்சு' கூடாதா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். நம் குமரி மாவட்டத்தில் உறைதல் என்றால் ரப்பர் பால் நினைவுக்கு வரும். தட்டில் அமிலம் விட்டதும் பாலிலுள்ள துகள்கள் திரண்டு ஒட்டிக்கொள்கின்றன. ஜெல்லில் நடப்பதுபோல் புதுப் பிணைப்புகளால் வலை உண்டாவதில்லை. ஆகவே 'இறுகு' என்றே நிற்கிறேன்.

இதில் நான் பிடிவாதமாக இருக்கக் காரணம் உண்டு. இறுகாமல் மிஞ்சும் மெத்தாக்ரிலேட் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நிற்கும். பல் அடைக்கும் பொருள்களும் இதே குடும்பம் என்பதால் பல் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும். மார்த்தாண்டத்திலோ தக்கலையிலோ பார்லர் வேலை பழகும் ஒரு பெண்ணுக்குப் பெயரிலேயே 'இறுகு' இருந்தால், முழுசா இறுகிடுச்சா என்ற கேள்வி தானாக வரும். டி.பி.ஓ. (TPO) என்ற ஒளித்தூண்டியை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்திருக்கிறது. அந்தச் செய்தியைத் தமிழில் எழுதவே 'ஒளித்தூண்டி' தேவைப்படுகிறது.

நிறமிக்குப் புதுச்சொல் வேண்டாம். வெள்ளைக்கும் வெளிர்நிறங்களுக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் தாதுக்களில் ஒன்றான இல்மனைட் மணவாளக்குறிச்சிக் கருமணலில் இருக்கிறது. கருமணலிலிருந்து வெண்ணிறமி! பள்ளிப் பாடத்தில் சேர்க்க வேண்டிய செய்தி. முத்துப்போல் மினுங்கும் வகைக்கு மைக்காத் துகள்மேல் அதே டை ஆக்சைடைப் பூசுவார்கள், மீன் செதிலிலிருந்து எடுக்கும் குவானின் என்ற மினுங்கும் பொருளைச் சேர்ப்பதும் உண்டு. முத்தொளிப் பூச்சு எனலாமா?

மிச்சமிருப்பது டிப் பவுடர். சயனோஅக்ரிலேட், அதாவது ஃபெவிக்விக் வகைப் பசை தடவி, நகத்தைத் தூளில் அமிழ்த்தி எடுப்பது. இப்போதைக்குத் 'தூளொட்டுப் பூச்சு' என்று பட்டியலில் எழுதியிருக்கிறேன். நாக்கில் இன்னும் எளிதாக வரும் சொல் கிடைத்தால் அனுப்புங்கள், மாற்றிவிடலாம்.